நடுவில் வேகாத மண்

மண்ணை வேகவைப்பது என் வேலை என்றால் எங்கள் உறவுக்காரர்கள் இன்றும் சிரிப்பார்கள். கல்யாண வீட்டில் யாராவது என்னைப் பார்த்து, "கல்கத்தாவுல நீ என்னதான் பண்றே?" என்று கேட்டால், அக்கா முந்திக்கொண்டு, "மண்ணைக் குக்கர்ல வச்சு விசில் விடறா" என்று சொல்லிவிடுவாள். எரிச்சலாக வரும். ஆனால் அதில் பொய் ஒன்றும் இல்லை.

பயறு, உளுந்து மாதிரியான செடிகளின் வேருக்குள் சில பாக்டீரியாக்கள் குடியேறும். அவை குடியேறிய இடத்தில் வேர் புடைத்து, கடுகளவும் மிளகளவுமாக முடிச்சுகள் திரளும். அந்த முடிச்சுக்குள் இருந்துகொண்டு காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குச் சாப்பாடாக்கிக் கொடுக்கும். செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கும். எந்த பாக்டீரியா எந்தச் செடியோடு நன்றாக ஒத்துப்போகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. அதற்கு முதலில் மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் எல்லா உயிரையும் கொல்ல வேண்டும். ஆட்டோகிளேவ் என்று ஒரு பெரிய இயந்திரம் இருக்கிறது. ஆள் உயரக் குக்கர் என்றே வைத்துக்கொள்ளலாம். அதில் மண்ணை நீராவியில் வேகவைத்து எடுத்து, தொட்டிகளில் நிரப்பி, பாதித் தொட்டிகளில் நமக்கு வேண்டிய பாக்டீரியாவைச் சேர்ப்போம். மீதிப் பாதியில் ஒன்றும் சேர்க்கமாட்டோம். அவை கன்ட்ரோல் தொட்டிகள். அவற்றில் வளரும் செடிகளின் வேரில் ஒரு முடிச்சுகூட வரக்கூடாது. வந்தால் எங்கேயோ யாரோ தப்புப் பண்ணியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

யாரோ என்று சொல்லும்போது என் பெயர் என் மனதில் வந்ததே இல்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என்னிடம் ஆய்வு செய்த பெண் காளிகாட்டிலிருந்து வருவாள். கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவள் அப்பா செம்பருத்தி மாலை விற்கிறார். அதிகம் பேசமாட்டாள். வேலையை மெதுவாகச் செய்வாள். எனக்கு மெதுவாகச் செய்கிறவர்களைக் கண்டால் ஆகாது. மூன்று வருஷ உதவித்தொகை முடியப்போகிறது, நான்காவது வருஷ நீட்டிப்பு கிடைத்தால்தான் அவள் ஆய்வேட்டை முடிக்க முடியும் என்ற நிலைமையில், அவளுடைய கன்ட்ரோல் தொட்டிகளில் முடிச்சு வந்தது.

முதல் தடவை, "கையைக் கழுவினாயா?" என்று கேட்டேன். இரண்டாம் தடவை, இரண்டு வரிசைக்கும் ஒரே பூவாளியால் தண்ணீர் விட்டிருப்பாய் என்று திட்டினேன். இல்லை மேடம், தனித்தனிப் பூவாளிதான் என்றாள். அடுத்த வாரம் எல்லோரும் உட்கார்ந்திருந்த மீட்டிங்கில் அவள் எழுந்து, மண்ணையே ஒருமுறை சோதித்துப் பார்க்கலாமா என்று ஏதோ ஆரம்பித்தாள். நான் முழுசாகக் கேட்கவில்லை. "மண்ணைக் குறை சொல்லாதே, உன் கையைப் பார்" என்றேன். ஓரிரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாம் தடவையும் செய்ய வைத்தேன். மூன்றாம் தடவையும் முடிச்சு வந்தது.

மகாளயத்தன்று தொடங்கும் துர்கா பூஜை விடுமுறைக்கு முந்தைய நாள், ஆய்வுக் குழுவுக்கு ரகசியக் கடிதம் எழுதினேன். மாணவிக்கு அடிப்படைக் கவனம் போதாது, நீட்டிப்பைப் பரிந்துரைக்க இயலவில்லை. நான்கே வரி. வழிகாட்டி அப்படி எழுதிவிட்டால் குழு மறுபேச்சுப் பேசாது. விடுமுறை முடிந்து, தீபாவளியை அடுத்து வரும் பாய்போட்டா என்ற சகோதரர் பண்டிகையும் ஆனபிறகு குழுவின் கூட்டம். கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, பெரிய கடமையை முடித்தவள் மாதிரி டாக்குரியாவில் இருக்கும் என் வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

அதே நாள் லேபிலிருந்து இன்னொன்றும் வெளியே போனது. அக்காவுக்கு ஒரு பை மண்.

அக்கா கங்கைக்கு அக்கரையில், சாந்த்ராகாச்சியில் இருக்கிறாள். அத்திம்பேருக்கு ரயில்வேயில் வேலை, குவார்ட்டர்ஸ். நாங்கள் பிறந்து வளர்ந்ததும் அந்தக் காலனியில்தான். ஊர் முழுக்க துர்கா பூஜைப் பந்தல் போட்டு அமர்க்களப்படும் அதே நாட்களில் அக்கா வீட்டில் கொலு. பெங்காலிப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பந்தலுக்குப் போகும் வழியில் படியேறி வந்து பொம்மைகளைப் பார்த்துவிட்டுச் சுண்டலோடு போவார்கள். படிகளுக்குக் கீழே தரையில் அக்கா ஒரு பார்க் போடுவாள். தகரத் தட்டுகளில் மண்ணைப் பரப்பி, மகாளய அமாவாசையன்று விதைத்து, பச்சைப் பசேலென்று முளைத்ததும் நடுவில் பொம்மை ரயில் விடுவாள். ரயில் யார்டு பக்கத்து வீடு என்பதால் அவள் பார்க்கில் தண்டவாளம்தான் அதிகம்.

கல்கத்தாவில் அடுக்குமாடிகளுக்கு நடுவே சுத்தமான, சலித்த மண்ணுக்கு எங்கே போவது? வருஷா வருஷம் நான்தான் கொடுப்பேன். வேலை முடிந்து மிச்சமாகும் மண் எப்படியும் குப்பைக்குத்தான் போகும். இந்த வருஷம் மிச்சமிருந்தது, அந்தப் பெண்ணின் தொட்டிகளுக்காக வேகவைத்த மண். சென்ற வருஷம் பூஜைக்கு முன் நானே நின்று வேகவைத்தது. இந்த ஊரில் எதையும் ஒன்று பூஜைக்கு முன் முடிக்க வேண்டும், அல்லது பூஜைக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டும். நடுவில் வேறு காலம் கிடையாது. இரண்டு இரண்டு கிலோப் பொட்டலமாகப் போட்டு, ஒரு நாள் விட்டு மறுபடி வேகவைத்தால் மூன்று வாரம் ஆகும். நான் பத்துப் பத்துக் கிலோவாகப் பையில் திணித்து, நான்கே நாளில் ஒரு வருஷத்துக்கான மண்ணை முடித்தேன். பையின் வெளியே ஒட்டிய டேப், சூடு பட்டுக் கறுத்திருந்தது. கறுத்தால் வெந்துவிட்டது என்று கணக்கு. சக விஞ்ஞானிகளிடம் என் வேகத்தைப் பற்றி நானே பீற்றிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது.

அக்காவிடம் பையைக் கொடுக்கும்போது, "இது செத்த மண்ணு. பயிர் வெளுத்துத்தான் வரும், என்னைக் குத்தம் சொல்லாதே" என்றேன்.

"என் கையால போட்டா கருங்கல்லும் முளைக்கும்டி" என்றாள்.

வழக்கமாகக் கேழ்வரகுதான் விதைப்பாள். இந்த வருஷம் லேக் மார்க்கெட் கடையில் கேழ்வரகு வரவில்லை. ஆகவே பச்சைப் பயறை ஊறவைத்துப் போட்டுவிட்டாள். எனக்கு அது கொலுவுக்குப் போனபோது தெரிந்தது. பயிர் நிமிர்ந்து நின்றது, பொம்மை ரயில் அதற்குள் மறைந்து மறைந்து வெளியே வந்தது. சுண்டலைத் தின்றுவிட்டு வந்தேன். வேரைப் பற்றி நினைக்கவே இல்லை.

தசமி முடிந்த மறுநாள் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இங்கே பிஜோயா என்றால் சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அவள் அம்மா செய்த, நாரு என்று சொல்லும் தேங்காய் வெல்ல உருண்டைகளை ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். குனிந்து என் காலைத் தொட்டாள். என் கடிதம் அலுவலக அலமாரியில் இருந்தது. நான் அவள் தலையில் கை வைத்து, "பாலோ தேகோ" என்றேன். நன்றாக இரு என்று அர்த்தம். என் வாயிலிருந்து அது எப்படித் தடங்கலில்லாமல் வந்தது என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. முறுக்குக் கொடுத்தேன். இரண்டு சாப்பிட்டாள், தண்ணீர் குடித்தாள், போய்விட்டாள். நாருவை நான் நான்கு நாள் வைத்துத் தின்றேன்.

தீபாவளி காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று வாசலிலேயே கேட்டாள்.

"பாலத்து மேல கங்கையைத் தாண்டித்தானே வந்தேன், போறாதா?" என்றேன்.

பால்கனியில் கொலுத் தட்டுகள் இன்னும் இருந்தன. கொலு முடிந்ததும் வெயில் படட்டும் என்று வெளியே எடுத்து வைத்து, தினமும் தண்ணீர் விட்டிருக்கிறாள். விதைத்து நான்கு வாரம் ஆகியிருந்தது. பயறு முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக, கரும்பச்சையாக நின்றது. பெங்காலிகள் அன்றைக்குப் பதினாலு விளக்கு ஏற்றுவார்கள். பக்கத்து வீட்டு பௌதி, அதாவது பெங்காலி அண்ணி, அக்காவையும் ஏற்றச் சொல்லியிருக்கிறாள். விளக்கு வைக்க இடம் வேண்டும் என்று தட்டுகளைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

"பார்த்தியோ, உன் செத்த மண்ணுல என் பயிரை?" என்று கொத்தாக நாலு செடியைப் பிடுங்கி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

சிரித்தபடிதான் வாங்கினேன். மண்ணை உதறினேன். வேரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வேர் முழுக்க முடிச்சு. ஒன்றிரண்டு இல்லை, சரம் சரமாக. ஒன்றை நகத்தால் கீறினேன். உள்ளே இளஞ்சிவப்பு. உயிரோடு, மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கும் முடிச்சு மட்டும்தான் அந்த நிறத்தில் இருக்கும். அடுத்த செடியைப் பிடுங்கினேன், அதற்கடுத்த செடியைப் பிடுங்கினேன். அக்காவின் புதுப்புடவையில் மண் தெறித்தது.

"என்னடி, பூச்சியா? சொல்லித் தொலையேன்!"

"இது எந்த மண்ணு?"

"நீ குடுத்த மண்ணுதான். வேற மண்ணுக்கு நான் எங்கே போவேன்?"

"வேற எதாவது கலந்தியா? உரம், தோட்டத்து மண்ணு, எதாவது?"

"ஒண்ணும் கலக்கலை. பையைக் கவுத்தேன், பயறைத் தூவினேன், தண்ணி விட்டேன். ஏன் போலீஸ் மாதிரி கேக்கறே?"

அந்தப் பெண் இந்த வீட்டுக்கு வந்ததில்லை. அவள் கையோ, அவள் பூவாளியோ இந்த மண்ணைத் தொட்டதில்லை. விதையோடு வந்திருக்கலாம், குழாய்த் தண்ணீரில் வந்திருக்கலாம் என்று மனம் தப்பிக்க ஓட்டை தேடியது. அதெல்லாம் நடக்கும்தான். ஆனால் இப்படிச் சரம் சரமாக, நான்கு தட்டிலும்?

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "குக்கர்ல வச்ச மண்ணுதானே? ஒரு தடவைக்கு எவ்வளவு வச்சே?"

"பத்துக் கிலோ. பையோட."

"பையோட அப்படியேவா?" என்று சிரித்தாள். "சேப்பங்கிழங்கு பெருசா இருந்தாலே ரெண்டா நறுக்கித்தான் போடறேன். இல்லாட்டா நடுவுல வேகாதேடி."

நான் பால்கனித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இது எனக்குத் தெரியாத விஷயமா? வருஷா வருஷம் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நானே கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறேன்: சின்னப் பொட்டலம், தளர்வாகக் கட்ட வேண்டும், நெருக்கி அடைத்தால் நீராவி நடுவே போகாது. அவ்வளவும் சொல்லிவிட்டு, பூஜைக்கு முன் முடிக்க வேண்டும் என்று நானே மூட்டை மூட்டையாகத் திணித்திருக்கிறேன். மூன்று தடவையும் அந்தப் பெண் தொட்டியில் போட்டது அதே மண். முப்பது தடவை செய்திருந்தாலும் முடிச்சு வந்திருக்கும்.

தீபாவளிச் சாப்பாட்டை மென்று விழுங்கிவிட்டு மத்தியானமே லேபுக்குப் போனேன். காவலாளி, "இன்னிக்குமா மேடம்?" என்று ஆச்சரியப்பட்டார். பிரிக்காத பை ஒன்று பாக்கி இருந்தது. கத்தியால் கிழித்தேன். ஓரத்திலிருந்து ஒரு கரண்டி மண், நட்டநடுவிலிருந்து ஒரு கரண்டி மண். இரண்டையும் தனித்தனியாகச் சுத்தமான நீரில் கரைத்து, பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லித் தட்டுகளில் ஆறாறாகத் தடவி, இளஞ்சூட்டுப் பெட்டியில் வைத்தேன். அதற்கப்புறம் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. காளி பூஜை, பாய்போட்டா எல்லாம் வெடிச் சத்தத்தோடு கடந்து போயின. என்ன சாப்பிட்டேன், யாரோடு பேசினேன் என்று ஒன்றும் நினைவில்லை.

குழு கூடுவதற்கு முதல் நாள் காலை பெட்டியைத் திறந்தேன். ஓரத்து மண் தடவிய ஆறு தட்டும் கண்ணாடி மாதிரி சுத்தம். நடு மண் தடவிய ஆறிலும் பாலாடை படிந்த மாதிரி பாக்டீரியா. எதிர்பார்த்துத்தான் திறந்தேன், ஆனாலும் பன்னிரண்டு தட்டையும் இன்னொரு முறை எடுத்துப் பார்த்தேன்.

நேரே காளிகாட்டுக்குப் போனேன். மெட்ரோவிலிருந்து இறங்கி, பேடா கடைகளையும் வளையல் கடைகளையும் தாண்டி, இரண்டு இடத்தில் வழி கேட்டுச் சந்தைக் கண்டுபிடித்தேன். கடை வாசலில் ஒரு மணைப் பலகையில் உட்கார்ந்து அவள் செம்பருத்தி தொடுத்துக்கொண்டிருந்தாள். மெதுவாகத்தான் தொடுத்தாள். ஆனால் ஒவ்வொரு பூவும் ஒரே அளவு இடைவெளியில் விழுந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்து, துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் அப்பா நாற்காலி கொண்டுவந்து போட்டு, டீ சொல்லப் போனார்.

பெங்காலியில் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துபோயின. "உன் கையில் தப்பில்லை. மண் வேகவில்லை. நான்தான் சரியாக வேகவைக்கவில்லை" என்று போட்டு உடைத்தேன்.

அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "தெரியும் மேடம்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"மூட்டைக்கு நடுவுல உயிர் இருக்குன்னு. பிப்ரவரியிலேயே தட்டு போட்டுப் பார்த்தேன். ஓரத்துல ஒண்ணும் இல்லை, நடுவுல இருக்கு."

"அப்போ ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். குரல் உயர்ந்தும் விட்டது. இவ்வளவுக்கு அப்புறமும் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"மீட்டிங்ல சொல்ல வந்தேன். நீங்க கையைப் பார்னு சொன்னீங்க. நோட்டுலயும் எழுதினேன்." கொஞ்சம் தயங்கினாள். "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க மேடம். பார்த்துட்டு, அப்படியும் மூணாவது தடவை செய்யச் சொல்றீங்கன்னா வேற காரணம் இருக்கும்னு நினைச்சேன்."

டீ வந்தது. மண் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு, கடிதத்தைப் பற்றி எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். நாளைக்குக் கூட்டம், நான் பூஜைக்கு முன்னால் ஒரு கடிதம் எழுதினேன் என்று ஆரம்பித்தேன்.

"அதுவும் தெரியும். நீங்க கொடுத்த அன்னிக்கே அலுவலகத்துல சொன்னாங்க."

அன்றைக்கே. அப்படியென்றால் பிஜோயாவுக்கு என் வீட்டுக்கு வந்தபோது தெரியும். என் காலைத் தொட்டபோது தெரியும். நான் தலையில் கை வைத்து நன்றாக இரு என்றபோது, நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று தெரிந்துகொண்டே குனிந்திருந்தாள்.

"தெரிந்துமா வந்தாய்?"

"பிஜோயா வேற, அது வேற மேடம்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். விட்ட இடத்திலிருந்து பூவை எடுத்துத் தொடுக்க ஆரம்பித்தாள். கோபித்துக்கொண்டு கத்தியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். கத்துவது எனக்குப் பழக்கமான பாஷை.

லேபுக்குத் திரும்பிவந்து அவளுடைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். எங்கள் வழக்கப்படி மாணவர்கள் அன்றன்றைய வேலையை நோட்டில் எழுதுவார்கள். சனிக்கிழமை எல்லா நோட்டும் என் மேஜைக்கு வரும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்பு மையில் ஆங்கிலத்தில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திடுவேன். ஒரு கையில் டீ, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன், இன்னொரு கையில் பேனா. ஐந்து நிமிஷத்தில் ஐந்து நோட்டு முடியும்.

பிப்ரவரிப் பக்கம் கிடைத்தது. மூட்டையின் படம் போட்டு, ஓரத்தில் ஒரு புள்ளி, நடுவில் ஒரு புள்ளி வைத்திருந்தாள். கீழே அவள் எழுத்து: 'ஓரத்து மண்ணில் வளர்ச்சி இல்லை. நடு மண்ணில் உண்டு. பை பெரிதாக இருந்ததால் உள்ளே சூடு போகவில்லை என்று நினைக்கிறேன். மேடத்திடம் கேட்க வேண்டும்.' நான் தீபாவளிக்குச் செய்த அதே சோதனை, அதே ஆறாறு தட்டு. அதற்குக் கீழே, சிவப்பில், 'பார்த்தேன்.' அப்புறம் என் கையெழுத்து, சுழித்துச் சுழித்து.

அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாராவது என் மாதிரி போட்டிருப்பார்களோ என்றுகூட ஒரு நொடி அசட்டுத்தனமாகத் தோன்றியது. முன்னும் பின்னும் புரட்டினேன். எல்லாப் பக்கத்திலும் பார்த்திருந்தேன். ஒரு பக்கத்தையும் படித்த ஞாபகம் இல்லை.

குழுவுக்குப் புதிய கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியது இது: மண்ணின் கிருமி நீக்கம் முழுமையாக நடைபெறவில்லை எனத் தற்போது தெரியவந்துள்ளது. படித்துப் பார்த்தேன். யாரோ வழிப்போக்கன் வந்து அரைகுறையாக வேகவைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கிழித்துப் போட்டுவிட்டு, மண்ணை நான் தவறாக வேகவைத்தேன், மாணவி அதைப் பிப்ரவரியிலேயே கண்டுபிடித்து எழுதினாள், நான் படிக்காமல் கையெழுத்திட்டேன், என் முந்தைய கடிதம் பொய் என்று எழுதினேன். நோட்டுப் பக்கத்தின் நகலையும் சேர்த்தேன். மறுநாள் குழுத் தலைவர் அதைப் படித்துவிட்டு என்னைத் தனியாக அழைத்து, "இவ்வளவு வெளிப்படையாக எழுத வேண்டுமா? இயந்திரக் கோளாறு என்று போட்டால் போதுமே" என்றார். இயந்திரம் ஒழுங்காகத்தான் வேலை செய்தது என்றேன்.

நீட்டிப்புக் கிடைத்தது. அவளிடம் சொன்னபோது முதல் தடவையாக அவள் கண்கள் நிறைந்ததைப் பார்த்தேன். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். புதிய மண்ணுக்கு பாருய்ப்பூர் வயல்காரருக்குப் போன்கூடச் செய்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை நோட்டுகளோடு அவளும் வந்தாள். நோட்டுகளுக்கு மேல் ஒரு படிவம் இருந்தது. வழிகாட்டியை மாற்றிக்கொள்வதற்கான படிவம். மேல்மாடியில் பூஞ்சைகளில் வேலை செய்யும் என் சக விஞ்ஞானியின் பெயரை எழுதியிருந்தாள்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏன் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது?

படிவத்தைப் படித்தேன். அச்சடித்த விதிகள், அடிக்குறிப்பு எல்லாம் உட்பட ஒரு வரி விடாமல் படித்தேன். காரணம் என்ற கட்டத்தில் என்ன இருக்குமோ என்று கண் அங்கே போகப் பயந்தது. 'ஆய்வுத் தலைப்பில் மாற்றம்' என்று மட்டும் எழுதியிருந்தாள். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவளைப் பற்றி நான் நான்கு வரி எழுதியிருந்தேன்.

அவள் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். டீ ஆறிப்போயிருந்தது, போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மனதார சம்மதிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

அவள் வாங்கிக்கொண்டு உடனே போய்விடவில்லை. அங்கேயே நின்று, நான் எழுதியதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை மெதுவாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, நன்றி மேடம் என்று சொல்லிப் போனாள்.